சீட்டின் விதியும் தராசின் விதியும்

2025 ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளின் நாடாளுமன்றங்களும் சூதாட்டம் பற்றிச் சட்டம் இயற்றின. இலங்கை, சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்க முடிவு செய்தது. இந்தியா, பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது. அவை திறமையால் வெல்லப்படுபவையா, அதிர்ஷ்டத்தால் வெல்லப்படுபவையா என்ற பழைய விவாதத்தை அந்தச் சட்டம் பொருட்படுத்தவில்லை. அதே மாதத்தில்தான் கொழும்பில் சிற்றி ஒஃப் ட்ரீம்ஸ் வளாகத்தின் கசினோவும் திறக்கப்பட்டது.

கொழும்பில் நடந்த இந்த விடயத்திற்கும் ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டங்களின் லயக் காம்பராக்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் பெரிய தொடர்பு இருக்கவில்லை. இன்று லயத்தில் உள்ள ஒவ்வொரு கைத்தொலைபேசியும் ஒரு சூதாட்ட மேசையாகக்கூடியது. கசினோவுக்குள் நுழையும் இலங்கையர் செலுத்த வேண்டிய வரி 50 அமெரிக்க டொலரிலிருந்து 100 டொலராக உயர்த்தப்பட்டிருக்கிறது. அது ஏறத்தாழ 30,000 ரூபா. 2026 வரவு செலவுத் திட்டம் சொன்ன கணக்குப்படி தோட்டத்தில் ஒரு நாள் பேர் 1,750 ரூபா. இதில் கம்பனி தருவது 1,550, அரசாங்கத்தின் வருகை ஊக்குவிப்பு 200. அப்படியானால் கசினோவின் வாசலைத் தாண்டுவதற்கு மட்டும் ஒரு தோட்டத் தொழிலாளிக்கு 17 நாள் பேர் விழ வேண்டும். அந்த வாசல் அவருக்கானதல்ல. கைத்தொலைபேசியின் வாசலில் நுழைவு வரி கிடையாது. 200 ரூபாவுக்கும் அது திறக்கும்.

ஹட்டனில் மாலை வகுப்புகளில் கணிதம் கற்பிக்கிறேன். சாதாரண தரப் பாடத்திட்டத்தில் நிகழ்தகவு இருக்கிறது. நாணயத்தைச் சுண்டுவோம், தாயக்கட்டையை உருட்டுவோம். சென்ற ஆண்டு ஒரு மாணவனின் அண்ணன், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்பவர், தீபாவளிக்கு ஊருக்கு வந்திருந்தபோது என்னிடம் தன் தொலைபேசியை நீட்டினார். “சேர், மேசையில நாலு ஆட்டின் கெடக்கு. என் கையில ஆட்டின் ஆசு இருக்கு. அப்புறமும் நான் தோத்துட்டேன்னு காட்டுது. இது ஏமாத்துதா?” என்று கேட்டார்.

போக்கர் ஆட்டங்களின் விதிகளை நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அந்த இடத்தில் தொலைபேசி ஏமாற்றவில்லை. அவர் கற்றிருந்த ஆட்டம் ஒன்று, உட்கார்ந்திருந்த மேசை வேறொன்று.

பெயர் ஒன்று, ஆட்டம் பல

போக்கர் என்பது தனி ஓர் ஆட்டத்தின் பெயரல்ல, ஒரு குடும்பத்தின் பெயர். அதில் இன்று அதிகம் ஆடப்படுவது டெக்சஸ் ஹோல்டம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு மறைவாக வரும். மேசையில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரிக்கப்படும். இந்த ஏழில் சிறந்த ஐந்தை எப்படி வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். மேசையில் நான்கு ஆட்டினும் கையில் ஓர் ஆட்டினும் இருந்தால் ஒரே நிறத்தில் ஐந்து சேர்ந்துவிடும்.

ஒமாஹா ஆட்டத்தில் கைக்கு நான்கு சீட்டு வரும். பார்ப்பதற்கு ஹோல்டம் போலவே இருக்கும். ஆனால் கையிலிருந்து சரியாக இரண்டு, மேசையிலிருந்து சரியாக மூன்று எடுத்தாக வேண்டும். கையில் ஓர் ஆட்டின் மட்டும் இருந்தால், மேசையில் நான்கு கிடந்தும் பயனில்லை. அந்த இளைஞர் காணொளி பார்த்து ஹோல்டம் பழகியவர். ஒமாஹா மேசையைத் தொட்டு உள்ளே போயிருக்கிறார். திரையில் இரண்டும் ஒரே பச்சை மேசைதான்.

இன்னும் இருக்கின்றன. ஏழு சீட்டு ஸ்டட் ஆட்டத்தில் பொதுச் சீட்டே கிடையாது. ஒருவருக்கு மூன்று மறைவாகவும் நான்கு வெளிப்படையாகவும் வரும். ஐந்து சீட்டு ட்ரோ ஆட்டத்தில் வேண்டாத சீட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ராஸ் என்ற ஆட்டத்தில் மிகக் குறைந்த சீட்டுகள் வைத்திருப்பவரே வெல்வார்.

எந்தச் சேர்க்கை பெரியது என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். 52 சீட்டுக் கட்டிலிருந்து ஐந்து சீட்டுகளை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் ஒரே நிறத்தில் ஐந்தும் வருவது 5,108 விதம். வரிசையாக ஐந்து வருவது 10,200 விதம். அரிதானது பெரியது என்பதால் நிறம் வரிசையை வெல்லும். மூன்று சீட்டு ஆட்டத்தில் கணக்குத் தலைகீழாகும். மொத்தம் 22,100 விதம். அதில் நிறம் 1,096, வரிசை 720. அங்கே வரிசை நிறத்தை வெல்லும்.

அந்த மூன்று சீட்டிலும் இரண்டு வழக்கம் உண்டு. இந்தியாவில் தீன் பத்தி என்று ஆடும்போது மூன்று சீட்டும் ஒரே இலக்கமாக இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கசினோவின் மூன்று சீட்டுப் போக்கரில் ஒரே நிறத்தில் வரிசையாக வரும் மூன்றே பெரியது. முன்னது 52 விதமாக வரும், பின்னது 48 விதமாக வரும். கணக்குப்படி கசினோ சரி. பழக்கப்படி நம் ஊர்கள் சரி. கையில் மூன்று ஐந்து வைத்திருப்பவர் ஒரு மேசையில் வென்றவர், மற்ற மேசையில் தோற்றவர். விதியைத் தெரியாதவருக்கு இரண்டும் விதியின் விளையாட்டாகவே தெரியும்.

நாம் அறிந்த ஓர் ஆட்டம்

விதி கடினமாக இருப்பது நமக்குப் புதிதல்ல. வடக்கில் 304 ஆடாத ஊர் குறைவு. இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த காலத்திலும் ஒரு பழைய கட்டு எங்கிருந்தாவது வந்துவிடும். அப்படியோர் இடத்தில்தான் நானும் அதைக் கற்றேன். ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டு. நால்வர், இரண்டு அணி. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஒரு நிறத்துக்கு 76. நான்கு நிறத்துக்கு 304. இந்தக் கணக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விரல்விடாமல் சொல்வார்கள். துரும்பை மறைத்து வைப்பதும், கேள்வி கேட்பதும், கூட்டாளியின் கையை ஊகிப்பதும் போக்கருக்குக் குறைந்த வித்தை அல்ல.

ஆகவே தோட்டத்து இளைஞருக்கோ வன்னி இளைஞருக்கோ சீட்டு விதிகள் விளங்காது என்பது உண்மையல்ல. ஒமாஹாவின் விதியை அந்த இளைஞருக்கு ஐந்து நிமிடத்தில் விளங்கப்படுத்த முடிந்தது. ஆனால் 304 ஆடும் நால்வரில் ஒருவர் தோற்றது மற்றவருக்குப் போனது. காசு வைத்து ஆடினாலும் அது அந்தப் பாயைச் சுற்றியே இருந்தது. தொலைபேசியில் ஐந்தாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் சீட்டைத் தொடுவதில்லை. அவருடைய விதிதான் நாம் கற்க வேண்டிய முதல் விதி.

தராசில் கழிவதும் மேசையில் கழிவதும்

கொழுந்து நிறுக்கும் இடத்தை அறிந்த எவருக்கும் இதை எளிதாகச் சொல்லிவிடலாம். பல தோட்டங்களில் 18 கிலோ, 20 கிலோ என்று நோம் இருக்கிறது. எடுத்த கொழுந்தில் சாக்கின் எடை என்று கொஞ்சம், ஈரம் என்று கொஞ்சம் கழிக்கிறார்கள். ஒரு தடவை கழியும் ஒரு கிலோ பெரிதாகத் தெரியாது. நாளுக்கு நாள் சேர்ந்தால் மாத முடிவில் அது பல நாள் உழைப்பு. நோம் எட்டாத நாளில் அரைப்பேர். தராசில் நடக்கும் இந்தக் கழிவைக் கேள்வி கேட்டே இங்குள்ள பெண்கள் எத்தனையோ தடவை மலையிலிருந்து இறங்காமல் நின்றிருக்கிறார்கள்.

போக்கர் மேசையிலும் ஒரு தராசு இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை மேசையை நடத்துபவர் எடுத்துக்கொள்வார். பொதுவாக அது நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கும். கணக்குக்காக, ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாவுடன் அமர்கிறார்கள் என்று வைப்போம். மேசையில் மொத்தம் 6,000. ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவில் 500 ரூபா சேர்கிறது. நூற்றுக்கு ஐந்து என்றால் 25 ரூபா கழியும். இணையத்தில் ஒரு மணித்தியாலத்தில் 60 ஆட்டம் ஓடும். 25 ரூபா அறுபது தடவை கழிந்தால் 1,500 ரூபா. புதிதாக எவரும் பணம் போடாவிட்டால் நான்கு மணித்தியாலத்தில் ஆறு பேரின் 6,000 ரூபாவும் மேசைக்காரரிடம் இருக்கும். யார் கெட்டிக்காரர், யாருக்கு நல்ல சீட்டு வந்தது என்பதெல்லாம் இடையில் நடந்த கதை.

கசினோ ஆட்டங்களில் இந்தக் கழிவு ஆட்டத்துக்குள்ளேயே தைக்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ரூலட் சக்கரத்தில் 37 குழிகள். சரியான எண்ணுக்கு ஒன்றுக்கு 35 தருவார்கள். 37 எண்ணிலும் 100 ரூபா வீதம் 3,700 ரூபா வைத்துப் பாருங்கள். எந்த எண் விழுந்தாலும் வைத்த நூறையும் சேர்த்து உங்களிடம் திரும்புவது 3,600. நூறு ரூபா எப்போதும் போகும். கசினோவில் ஆடப்படும் போக்கர் வகைகள் பலவும் இப்படித்தான்; அங்கே ஆடுபவர் இன்னோர் ஆளை எதிர்த்து ஆடுவதில்லை, வீட்டை எதிர்த்து ஆடுகிறார்.

‘இலவசப் பணம்’ என்பதற்கும் விதி உண்டு. 2,000 ரூபா போட்டால் இன்னொரு 2,000 தருகிறோம் என்று விளம்பரம் வரும். அதன் அடியில், அந்த 2,000 ரூபாவின் 40 மடங்குக்குப் பந்தயம் வைத்த பிறகே பணத்தை வெளியே எடுக்கலாம் என்று எழுதியிருந்தால், 80,000 ரூபாவுக்கு ஆட வேண்டும். ரூலட் போல 37க்கு ஒரு பங்கு கழியும் ஆட்டத்தில் 80,000 ரூபா சுழன்றால் சராசரியாக 2,160 ரூபா போய்விடும். தந்த இலவசத்தைவிட அது அதிகம். என்னிடம் வந்த இளைஞரின் தொலைபேசியில் இந்த நிபந்தனைகள் எல்லாம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தன. ‘பணம் போடுக’ என்ற பொத்தான் மட்டும் தமிழில் இருந்தது.

விதி எழுதுபவரும் விதிக்குள் வாழ்பவரும்

மலையகத்துக்கு இது பழைய கதை. பெரியகங்காணியின் காலத்தில் தொழிலாளியின் கடன் ஒரு துண்டில் எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்ப்பவரிடமே தொழிலாளி கைமாறினார். என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசிக்க முடியாதவர்களின் உழைப்பை அந்தத் துண்டு கட்டிப்போட்டது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஆனால் கணக்கு ஒருவர் கையில், கடன் இன்னொருவர் தலையில் என்ற ஏற்பாடு வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்தது.

போரின் பின் வன்னியிலும் அதைக் கண்டோம். நுண்கடன் நிறுவனங்களும் லீசிங் நிறுவனங்களும் வந்தன. ஓர் இலட்சம் ரூபா கடன், ஆண்டுக்கு 20 வீத வட்டி, மாதம் 10,000 ரூபா வீதம் 12 தவணை என்று சொன்னால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு போக, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் எடுக்கப்படுகிறது. உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 35 வீதம். 20 என்ற எண் பெரிய எழுத்தில். 35 என்ற எண் எந்த எழுத்திலும் இல்லை. எத்தனை பெண்கள் தவணைக்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு வீட்டின் பின்பக்கம் ஒளிந்தார்கள் என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். 1977, 1983 வன்செயல்களில் மலையகத்திலிருந்து ஓடி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் துண்டின் கதையைப் பாட்டிகளிடம் கேட்டார்கள், நுண்கடனின் கதையைத் தாங்களே வாழ்ந்தார்கள்.

இணையச் சூதாட்டம் இந்த வரிசையில் அடுத்தது. அது கடனோடு சேர்ந்தே வருகிறது. தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம் வரும். கடைக் கடன், நகை அடகு, பிள்ளையின் வகுப்புக் காசு எல்லாம் அந்தத் திகதியைப் பார்த்தே நிற்கும். பல வீடுகளில் கொழுந்து எடுப்பவர் மனைவி, சம்பளத்தைக் கையாள்பவர் கணவன். முன்பு சீட்டாட்டத்துக்குப் போன கணவனை மரத்தடியில் தேடிப் போய்க் கூட்டிவர முடிந்தது. இப்போது அவர் பக்கத்துப் பாயில் போர்வைக்குள் இருக்கிறார். பணம் போவது சத்தமில்லாமல் நடக்கிறது. அது தெரியவரும்போது அடகுச் சீட்டு மட்டும் வீட்டில் இருக்கும்.

சட்டம் யாரைப் பிடித்தது, யாரிடம் வரி வாங்கியது

இலங்கையின் சூதாட்டச் சட்டம் 1889ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பொது இடத்தில் பணம் வைத்து ஆடுவதை அது குற்றமாக்கியது. தேயிலை மலைக்குள் வட்டமாக இருந்து ஆடியவர்களைப் பொலிஸார் சுற்றி வளைத்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது அந்தச் சட்டத்தின் பலத்தில்தான். மறுபுறம் பந்தயத் தொழிலுக்கு 1988இலிருந்து வரிச் சட்டம் இருக்கிறது. கசினோவுக்கு 2010இல் தனிச் சட்டம் வந்தது. இங்கிலாந்தில் ஓடும் குதிரைக்கு இலங்கைச் சிறுநகரத்துப் பந்தய நிலையத்தில் பணம் கட்டலாம். அரசாங்கமே 1963இலிருந்து தேசிய லொத்தர் சபையை நடத்துகிறது; சுவீப் சீட்டு ஹட்டன் பஸ் நிலையத்தில் கூவி விற்கப்படுகிறது. மரத்தடியில் ஆடியவருக்குத் தண்டம், கட்டடத்துக்குள் ஆட்டுவிப்பவருக்கு அனுமதிப்பத்திரம் என்பதே நூறாண்டு நடைமுறை.

புதிய சட்டம் பழைய சட்டங்களின் இடத்தில் ஓர் அதிகாரசபையை வைக்கிறது. இணையச் சூதாட்டமும் அதன் வரம்புக்குள் வருகிறது. இது தேவையான மாற்றம். கேள்வி என்னவென்றால், அந்த அதிகாரசபை வரியைப் பார்க்கப் போகிறதா, ஆடுபவரைப் பார்க்கப் போகிறதா என்பதே. கடன் நெருக்கடியிலிருந்து எழும் அரசாங்கத்துக்கு வரி வேண்டும். நிறுவனங்களின் மொத்த வசூல் மீதான வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமாக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் அதிகம் வசூலித்தால் அரசுக்கும் அதிகம் வரும். மேசைக்காரரின் பங்கில் பங்கு கேட்பவர் மேசையைக் கட்டுப்படுத்துவார் என்று நம்புவதற்கு மக்களின் கண்காணிப்பு வேண்டும்.

தமிழ்நாட்டின் அனுபவம் இங்கே பயன்படும். அங்கே இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் பெரும் விவாதமாயின. 2021இல் கொண்டுவந்த தடையை சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ரத்துச் செய்தது. அடுத்து வந்த சட்டத்தில் ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் நீக்கியது. அவை திறமை விளையாட்டுகள் என்பது நிறுவனங்களின் வாதம். பின்னர் தமிழ்நாடு விதிமுறைகளைக் கொண்டுவந்தது: ஆடுபவர் யார் என்பதை ஆதார் மூலம் உறுதிப்படுத்த வேண்டும், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது. 2025 ஜூனில் நீதிமன்றம் இவற்றை ஏற்றது. அதன் பின்னரே மத்திய அரசின் முழுத் தடை.

திறமையா, அதிர்ஷ்டமா என்ற விவாதத்தில் ஆண்டுகள் கழிந்தன. போக்கரில் திறமை உண்டு என்பது உண்மை. நீண்ட காலம் ஆடும் கெட்டிக்காரர் பழகாதவரை வெல்வார். ஆனால் அதன் பொருள், புதிதாக உள்ளே வரும் தோட்டத்து இளைஞர் இரண்டு பேருக்குப் பணம் கொடுக்கிறார் என்பதுதான்: மேசைக்காரருக்கும், பழகிய ஆட்டக்காரருக்கும். திறமை விளையாட்டு என்ற பெயர் அவரைக் காப்பாற்றுவதில்லை.

முழுத் தடை இங்கே போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளத்தைத் தடுத்தால், தரகரின் வங்கிக் கணக்குக்குப் பணம் போட்டு ஆடும் வழி திறக்கும். அங்கே வென்றவர் பணம் கேட்க ஒரு முகவரியும் இருக்காது. ஆனால் அதிகாரசபை நாளையே கேட்கக்கூடிய சில விடயங்கள் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் எவ்வளவு கழிகிறது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும், பணம் போடும் பொத்தானின் அளவு எழுத்தில் காட்ட வேண்டும். பணம் எடுக்கும் நிபந்தனையையும் அப்படியே காட்ட வேண்டும். நாளுக்கும் மாதத்துக்கும் உச்சவரம்பு வேண்டும். இரவில் மூடும் நேரம் வேண்டும். கடன் தந்து ஆடவிடுவது முற்றாகத் தடுக்கப்பட வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல ஹட்டனிலும் கிளிநொச்சியிலும் ஓர் இடம் வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நாட்சம்பளத்தில் 200 ரூபா கூட்டுவதற்கு எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்படுகிறது என்பதை அவர்கள் அறிவார்கள். மேலே சொன்ன மேசையில் 200 ரூபா எட்டு ஆட்டத்தில், எட்டு நிமிடத்தில் கழிந்துவிடும்.

எனது வகுப்பில் இப்போது நிகழ்தகவுப் பாடத்தில் 37 குழிக் கணக்கையும் ஆறு பேர் மேசைக் கணக்கையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதுகிறேன். யாரையும் பயமுறுத்துவதற்காக அல்ல. கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “அப்ப சேர், அந்த ஆளுக்கு சீட்டே தெரிய வேணாமே?” ஆம், தெரிய வேண்டியதில்லை. கொழுந்து எடுக்கத் தெரியாதவர்தான் தராசையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி சொன்னாள். வகுப்பு சிரித்தது. எல்லோருக்கும் விளங்கிவிட்டது.